கன்றின் காலடியில் வேலி எதற்கு?

கார்த்திகை பிறந்துவிட்டால் வடபுலத்தின் வீதிகள்தோறும் மண்வெட்டிகள் எழுகின்றன. 2013 முதல் 2018 வரை வட மாகாண சபை இயங்கிய காலத்திலே கார்த்திகையை மரநடுகை மாதமென அறிவித்தார்கள். சபையின் பதவிக்காலம் முடிந்தது; மாதத்தின் வழக்கம் முடியவில்லை. நல்ல வழக்கம்தான். மழை மண்ணை நனைத்திருக்கும் வேளையிலே கன்று நடுவதை எவரும் குறைகூற மாட்டார். நாம் இன்று குறைகூற வந்தது கன்றுகளையன்று. கன்றுகளின் காலடியிலே நடப்படுகின்ற பூஞ்செடி வேலிகளை.

அண்மைக் காலத்திலே சில வீதிகளில் இப்பாணி தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. வேம்போ புங்கோ மருதோ, முழ உயரமுள்ள ஒரு கன்றை நடுகிறார்கள். அத்துடன் நில்லாது, அதனைச் சுற்றி ஓரடி தூரத்திலே குரோட்டன், எக்சோரா, மஞ்சள் இலைத் துரந்தா எனப் பத்துப் பன்னிரண்டு செடிகளை நெருக்கமாக நட்டு வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு வேலி அமைக்கிறார்கள். திறப்பு விழாவிலே அது கண்ணுக்கு இனிய காட்சி என்பதை நாம் மறுக்கவில்லை. கன்று மட்டும் நின்றால் புகைப்படத்திலே ஒரு குச்சி தெரியும். வேலியுடன் நின்றால் ஒரு பூங்கா தெரியும். அமைச்சரும் அதிகாரியும் குச்சியருகே நிற்பதைவிடப் பூங்காவருகே நிற்பதையே விரும்புவர். ஆனால் புகைப்படம் எடுத்து முடிந்த பின்னர் அந்தக் கன்றுக்கு என்ன நேர்கிறது? இதனையே நாம் கேட்கிறோம்.

நாம் கண்ணாரக் கண்ட ஒரு வீதியின் கதையைக் கூறுவோம். குடாநாட்டிலே ஒரு பாடசாலைக்குச் செல்லும் வீதி அது. வீதியின் பெயரையும் நட்டவர்களின் பெயரையும் சொல்லி எவரையும் தலைகுனிய வைப்பது நமது நோக்கமன்று. ஒரு கார்த்திகையிலே அவ்வீதியின் ஒரு மருங்கில் வேப்பங்கன்றுகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றின் காலடியிலும் துரந்தா வேலி வைத்தார்கள். மார்கழியிலும் தையிலும் யாவும் தளிர்த்தன. பங்குனியிலே அவ்வழியே போனோம். வேலிகள் செழித்திருந்தன, கன்றுகள் நட்ட உயரத்திலேயே நின்றன. ஆடியிலே மீண்டும் போனோம். சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. வேலிகள் வாடியிருந்தன, ஆனால் உயிரோடிருந்தன. கன்றுகளிலே பாதிக்கு மேல் காய்ந்த குச்சிகளாய் வேலிகளின் நடுவே நின்றன. யாருக்காக விழா எடுத்தார்களோ அது இறந்துவிட்டது. அலங்காரத்துக்கு வந்தது பிழைத்துக்கொண்டது.

இதிலே மாயம் ஒன்றுமில்லை. மரம் ஆழ வேரோடும், செடி மேலே வேரோடும், ஆகவே இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யா எனப் பலர் எண்ணுகிறார்கள். வளர்ந்த மரத்துக்கே இது முழுதும் பொருந்தாது. கன்றுக்கு அறவே பொருந்தாது. பொலித்தீன் பையிலிருந்து எடுத்து நட்ட கன்றின் வேர் அந்தப் பையின் அளவே உள்ளது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அது தேடுகின்ற நீரும் உணவும் மேல்மண்ணின் ஓரடி, ஒன்றரை அடி ஆழத்திலேதான் கிடைக்கின்றன. வேலிச் செடியின் சல்லிவேர்கள் கூடி நிற்பதும் அதே ஓரடியிலேதான். கன்று ஒன்று, செடிகள் பன்னிரண்டு. கன்றிலே இருபது முப்பது இலைகள்; வேலியிலே ஆயிரம் இலைகள். இலைகள் தோறும் நீர் ஆவியாகிப் போகின்றது. வாளியிலே கொண்டுவந்து ஊற்றுகின்ற நீரில் பெரும்பங்கை எது குடிக்குமென்று கணக்கிடப் பல்கலைக்கழகம் போக வேண்டியதில்லை.

இன்னும் உண்டு. சித்திரையிலே இடையிடையே வருகின்ற சிறுமழை மண்ணைத் தொடுமுன்னரே வேலியின் அடர்ந்த இலைகளில் தங்கி, வெயில் ஏறியதும் உலர்ந்துபோகிறது. வேலிச் செடிகளைச் சில இடங்களிலே கன்று நட்டுச் சில கிழமைகள் கழித்தே கொண்டுவருகிறார்கள். அப்பொழுது அலவாங்கும் மண்வெட்டியும் இறங்குவது கன்று புதிதாக விட்ட வேர்களின் மேலேதான். வேலி உயர்ந்தபின் கன்றின் அடிமரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தடியோடு சேர்த்துக் கட்டிய கயிறு தண்டை இறுக்குவதும், கறையான் ஏறுவதும், பொலித்தீன் பைகளும் சோற்றுப் பொதிகளும் உள்ளே குவிவதும் எவர் கண்ணிலும் படுவதில்லை. தண்ணீர் ஊற்ற வந்தவரும் வேலியின் தலையிலே ஊற்றிவிட்டுப் போகிறார்.

யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு இவையெல்லாம் புதிய செய்திகளா? வேலியைப் பற்றி அவனுக்கு நாம் பாடம் சொல்லப் போவதில்லை. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நட்டு, காணிக்குக் காணி உயிர்வேலி வளர்த்தவர்கள் நாம். ஆயினும் வேலியோரத்து மிளகாய்க் கன்று நடுத்தோட்டத்து மிளகாய்க் கன்றைப்போல் காய்ப்பதில்லை என்பதை அவன் அறிவான். அதனாலேயே வேலிக்கும் பயிருக்கும் இடையிலே வரம்பும் நடைபாதையும் விட்டான். காலத்துக்குக் காலம் கதியாலை வெட்டிக் குழையைத் தோட்டத்திலே தாழ்த்தான். வேலி எடுத்துக்கொண்டதை வேலியிடமிருந்தே திருப்பி வாங்கினான். வீட்டு முற்றத்திலே மாங்கன்று நடும்போது அதன் அடியிலே கதியால் போட்டவன் நம்மூரிலே எவனுமில்லை. வீட்டிலே செய்யாத ஒன்றை வீதியிலே செய்வானேன்?

இதற்கு விடை, நாம் நினைக்கின்றபடி, வேற்று ஊர்களைப் பார்த்து வந்த கண்களிலே இருக்கிறது. கொழும்பின் பெருவீதிகளிலே மரநிழலின் கீழ் வெட்டிச் சீராக்கிய செடிவேலிகள் நிற்கின்றன. சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் விமான நிலையத்திலிருந்து நகரம் வரை மரமும் செடியும் அடுக்கடுக்காக நிற்பதைச் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள். வியக்கத்தக்கதுதான். 1963 இலே லீ குவான் யூ மரநடுகை இயக்கத்தைத் தொடக்கினார். 1967 இலே தோட்ட நகரம் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால் சிங்கப்பூரிலே ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதுவும் எல்லா மாதங்களிலும் பெய்கிறது. கொழும்பிலே ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்திலே அதன் பாதியளவு. அப்பாதியிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. பின்னர் வருவது வெயிலும் காற்றும். கீழே சுண்ணாம்புக்கல், அதன்மேல் பல இடங்களிலே முழங்கால் ஆழத்துக்கும் குறைந்த மண். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமக்கில்லை. வழுக்கியாறு மாரியிலே மட்டும் ஓடுவது. ஒரு கன்றும் பன்னிரண்டு செடிகளும் பகிர்ந்து குடிக்க அங்கே நீருண்டு, இங்கே இல்லை.

மேலும், சிங்கப்பூர் மரம் நட்டதோடு நிற்கவில்லை. நட்டவற்றைப் பேணுவதற்கென்றே ஒரு பிரிவையும் ஆட்களையும் ஏற்படுத்தியது. நம்மவர்கள் பார்த்து வந்தது செடியை. பாராமல் வந்தது செடிக்குத் தண்ணீர் விடுகின்ற ஆளை!

எதிர்த்தரப்பினரின் வாதத்தையும் நேர்மையோடு எடுத்துக்கொள்வோம். "வேலி இல்லையேல் கட்டாக்காலி மாடுகள் ஒரே இரவிலே கன்றைத் தின்றுவிடும், ஆடுகளும் விடா. மோட்டார்ச் சைக்கிளைக் கொண்டுவந்து கன்றின்மேல் சாய்ப்பார்கள். குப்பை கொட்டுவார்கள்" என்கிறார்கள். அத்தனையும் உண்மை. கட்டாக்காலி மாடுகளை அறியாதவர் வடக்கிலே எவர்? காவலில்லாத கன்று பிழைக்காது என்பதிலே எமக்கும் அவர்களுக்கும் வேற்றுமை இல்லை. ஆனால் காவல் வேறு, போட்டி வேறு. குரோட்டனும் எக்சோராவும் முழங்கால் உயரம் வளர்வதற்கு ஓராண்டு செல்லும். அதற்குள் மாடு வந்து போய்விடும். முழங்கால் உயர வேலியின் மேலே தலையை நீட்டிக் கன்றின் நுனியைக் கடிக்க மாட்டுக்கு எவர் கற்றுக்கொடுக்க வேண்டும்? உண்மையான காவல் வேண்டுமாயின் உயிரற்ற வேலியே வேண்டும். நான்கு கட்டைகளை நாட்டி, நெஞ்சளவு உயரத்துக்குப் பனை மட்டை வரிந்தாற் போதும். கம்பிவலை கிடைத்தால் இன்னும் நன்று. பனைமட்டை நீர் குடிக்காது. மூன்றாண்டிலே அது உக்கிப்போகும் வேளையிலே கன்றும் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்கு வளர்ந்திருக்கும்.

அவ்வேலியின் உள்ளே மண்ணை வெறுமையாக விடவும் கூடாது. கன்றைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குக் கிண்ணம்போல் பாத்தி கட்டி, நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகும் குழையும் பரப்ப வேண்டும். தண்டை ஒட்டியிருக்கும் இடத்தை மட்டும் ஒரு சாண் அளவுக்கு விட்டுவிட வேண்டும். அல்லாவிடின் பட்டை அழுகும். இம்மூடுபடை வெயிலைத் தடுக்கும், புல்லை முளைக்க விடாது, நாளடைவிலே உக்கி எருவாகும். வேலிச் செடி செய்யுமென்று அவர்கள் எதிர்பார்க்கின்ற நன்மைகளிலே முக்கால்வாசியை இச்சருகு செய்துவிடும். கூலியாக ஒரு துளி நீரும் கேளாது. வீதியோரத்து இப்பில் இப்பிலையும் சீமைக்கிளுவையையும் வெட்டி லொறியிலே ஏற்றிக் குப்பைமேட்டிலே கொட்டுகிறார்களே, அக்குழைக்கு இதைவிட நல்ல இடம் எது?

புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நைலோன் நூல் சுழலும் அக்கருவி கன்றின் அடிப்பட்டையைச் சுற்றிவர உரித்துவிட்டால் கன்று தலையிலிருந்து காய்ந்துவரும், நோய் வந்ததென்பார்கள். அடியைச் சுற்றிச் செடி இருந்தால் இயந்திரம் நெருங்காதென்று சொல்வோர் உளர். வாய்ப்புண்டு. ஆனால் அச்செடிகளையும் மாதந்தோறும் கத்தரிக்க வேண்டுமே! கத்தரிக்கும் கை கன்றின் பக்கக் கிளைகளையும் சேர்த்து வெட்டிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். சருகு பரப்பிய இடத்திலே புல்லுமில்லை, வெட்டுதலுமில்லை.

அப்படியாயின் வீதிகளிலே செடிவேலியே கூடாதென்பது எமது கட்சியா? அஃதன்று. பாடசாலை மதிலோரம், நடைபாதைக்கும் வாகனப்பாதைக்கும் இடைப்பட்ட நீள்பாத்தி, குப்பை கொட்டிப் பழகிய வெற்றுமூலை ஆகிய இடங்களிலே செவ்வரத்தையோ ஆடாதோடையோ தாராளமாக வேலியாகட்டும். மரக்கன்றிலிருந்து நான்கடியேனும் விலகி நிற்கட்டும். மரம் வளர்ந்து தன் காலிலே நிற்கத் தொடங்கிய பின்னர், நிழலிலே வாழக்கூடிய செடிகளை அதன் அடியிலே வைக்க விரும்பினால் அப்பொழுது வைக்கட்டும். மூன்றாண்டு பொறுக்க முடியாதா? பொறுக்க முடியாதவர்கள் யார் என்பதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

கன்று நடுவதற்கு ஒருநாள் போதும். அதைக் காப்பதற்கு மூன்று கோடைகள் வேண்டும். அந்த ஒருநாளுக்கு விருந்தினர் உண்டு, பந்தல் உண்டு, பதாகை உண்டு. மூன்று கோடைகளுக்கு யார் உண்டு? பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. வேறு சில மாகாணத் திணைக்களத்தின் பொறுப்பு. ஏனையவை மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் பொறுப்பு. நடுவதோ இவர்களுள் ஒருவராயிருக்கலாம், ஒரு வங்கியாயிருக்கலாம், பழைய மாணவர் சங்கமாயிருக்கலாம். கன்று காய்ந்த பின்னர் ஒருவர் மற்றவரைச் சுட்டுகிறார். இதற்கிடையிலே அலங்கார வேலி என்பது, பராமரிப்பு இருப்பதாகத் தோற்றங் காட்டுகின்ற ஒரு திரையாகிவிடுகிறது. பச்சையாக ஏதோ நிற்கிறது. ஆகவே மரமும் நிற்பதாக மேலதிகாரி அறிக்கையில் எழுதிவிடலாம்.

1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும் பொது வீதிகளையும் சபைகளின் கையிலே ஒப்படைத்திருக்கிறது. 2023 பங்குனியிலே பழைய சபைகளின் காலம் முடிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகளின்றி அதிகாரிகளே அவற்றை நடத்தினார்கள். அக்காலத்திலே கேள்வி கேட்க ஆளில்லை என்று சமாதானம் கூறலாம். 2025 வைகாசியிலே தேர்தல் நடந்தது. இப்பொழுது தவிசாளர்கள் இருக்கிறார்கள்; வட்டாரந்தோறும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அச்சமாதானம் இனிச் செல்லாது. அதிகாரம் வேண்டும், அதிகாரம் வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்கள் நாம். கையிலே இருக்கின்ற இச்சிறிய அதிகாரத்தால் ஒரு வேப்பங்கன்றை மூன்று கோடைகள் உயிரோடு வைத்திருக்க முடியவில்லையென்றால், பெரியதைப் பற்றி நாம் எந்த முகத்தோடு பேசுவது?

மரநடுகை மாதத்தை ஒட்டியே சபைகள் அடுத்த ஆண்டுக்கான பாதீட்டையும் எடுத்துக்கொள்கின்றன. உறுப்பினர்களுக்கு நாம் கூறுவது இது: கன்று வாங்கவும் விழா நடத்தவும் எவ்வளவு என்று கேட்பதோடு அமையாதீர்கள். மாசி முதல் புரட்டாதி வரை தண்ணீர்ப் பவுசருக்கு எவ்வளவு, எந்த வீதிக்கு எந்தக் கிழமை, யார் பொறுப்பு என்று கேளுங்கள். அலங்காரச் செடிக்கு ஒதுக்கிய பணத்தைக் கம்பிவலைக்கும் பவுசருக்கும் மாற்றுங்கள். நூறு கன்றுகளுக்குத் தண்ணீர் விட முடியாதென்றால் முப்பது நடுங்கள். ஒவ்வோராண்டும் புதிதாக நட்ட தொகையை அல்ல, மூன்றாண்டுக்கு முன்னர் நட்டவற்றிலே இன்று உயிரோடிருக்கும் தொகையைச் சபையிலே வாசியுங்கள்.

இது வெறும் அழகு பற்றிய வழக்கன்று. 2009 க்குப் பின்னர் குடாநாட்டின் பெருவீதிகளை அகலித்துக் காபெற் இட்டார்கள், வீதி வேண்டியதுதான். ஆனால் அகலித்த இடங்களிலே நிழலும் போயிற்று. உச்சி வெயிலிலே பாடசாலை விட்டு வருகின்ற சிறுவன் உருகும் தாரின் ஓரமாக நடக்கிறான். ஆசுபத்திரிக்குப் போக வந்த கிழவி பேருந்துக்காக மின்கம்பத்தின் மெல்லிய நிழலிலே ஒதுங்கி நிற்கிறாள். அவளுக்கு வேண்டியது எக்சோராப் பூவன்று. நம் முன்னோர் வீதியோரத்திலே மடம் கட்டியபோது கிணறு தோண்டினார்கள், சுமைதாங்கி வைத்தார்கள், மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல் நாட்டினார்கள், நிழல்மரமும் வளர்த்தார்கள். கிணறு அருகிலே இருந்தபடியால் மரத்துக்கு நீர் கிடைத்தது. நாம் கிணற்றை மறந்து மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். இப்பொழுது மரத்தையும் விட்டுப் பூச்செடிக்கு வந்திருக்கிறோம்.

முன்னர் கூறிய அவ்வீதியிலே ஒரு வேம்பு மட்டும் ஆளுயரம் தாண்டி நிற்கிறது. பாடசாலைக்குச் சற்றுத் தள்ளியுள்ள தேநீர்க் கடையின் முன்னால் அது நிற்கிறது. அதன் அடியிலே துரந்தா இல்லை. காய்ந்த சருகும் உக்கிய தேயிலைச் சக்கையும் கிடந்தன. கடைக்காரரிடம் விசாரித்தோம். செடிகளைத் தாமே முதற் கோடையிலே பிடுங்கிவிட்டதாகச் சற்று அஞ்சியபடியே ஒப்புக்கொண்டார். அரசாங்கச் சொத்துக்குச் சேதம் விளைவித்தார் என்று எவரேனும் வழக்கு வைப்பாரோ என்ற அச்சம்.

"ஐயா, ஒரு கோப்பைச் சோத்தை இரண்டு பேருக்கு நடுவில வைச்சா, கை நீண்டவன்தானே தின்னுவான்? அதுதான் பிடுங்கினனான். கோப்பை கழுவுற தண்ணியை ஒவ்வொரு நாளும் இதுக்குத்தான் ஊத்திறனான்" என்றார்.

இந்தக் கார்த்திகையிலும் செடிகளோடு வந்தால் என்ன செய்வீர் என்று கேட்டோம். கடைக்கு எதிரேயிருந்த பாடசாலை மதிலைக் கையால் காட்டினார். மதிலோரமாக நெடுகிலும் வெறும் நிலம் கிடந்தது.

"அங்கை எவ்வளவு இடம் கிடக்குது. அங்கை நடச் சொல்லுங்கோ ஐயா. தண்ணியும் நான் ஊத்திறன்."